கோணாத கோடு

மலாக்காவின் காஜா பெராங் ஐஸ் ஆலையில் ஐஸைவிட முக்கியமான பொருள் ஒன்று இருக்கிறது என்பது, ஜப்பான்காரர்கள் வரும்வரை அங்கே வேலை செய்த யாருக்கும் தெரியாது.

அது சுவரில் மாட்டியிருந்த ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. முகப்பில் கண்ணாடி. கண்ணாடிக்குள் தோசைக்கல் அகலத்தில் ஒரு வட்டத்தாள். உள்ளே இருந்த கடிகாரம் அந்தத் தாளை வாரத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகச் சுழற்றும். தாளின்மேல் சிவப்பு மை தொட்ட முள் ஒன்று உட்கார்ந்திருக்கும். பெட்டியின் அடியிலிருந்து எலிவால் போல ஒரு செம்புக் குழாய் கிளம்பி, ஐஸ் உறையும் உப்புநீர்த் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. தொட்டி சூடானால் முள் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். தொட்டி என்ன செய்ததோ அது கோடாகத் தாளில் விழும். வெள்ளைக்காரத் துரை திங்கட்கிழமைதோறும் பழைய தாளைக் கழற்றிப் பார்த்து, "ம்" என்று சொல்லி அலமாரியில் போடுவார். அந்த "ம்"முக்கு மேல் அதற்கு மரியாதை கிடையாது. தொழிலாளர்கள் அதைக் கோட்டுப்பெட்டி என்றார்கள். கருணாகரன் வெற்றிலைப் பொட்டலத்தை அதன் தலையில்தான் வைப்பான்.

கருணாகரனுக்குத் தொட்டியடியில் வேலை. நீளமான தகரக் கூடுகளில் தண்ணீர் நிரப்பி உப்புநீருக்குள் இறக்க வேண்டும். உறைந்ததும் மேலே தூக்கிக் கட்டியைத் தட்டி எடுக்க வேண்டும். இஞ்சினையும் அமோனியா பம்பையும் பார்த்துக்கொண்டவர் பொன்னுதுரை. கருணாகரனுடைய மனைவி அஞ்சலைக்கு அவர் உடன்பிறந்த அண்ணன். அஞ்சலை காலையில் கிளேபாங் கடற்கரைக்குப் போய் மீன் வாங்கி, ஆலையில் உடைந்த ஐஸ் துண்டுகளைக் கூடையில் போட்டுக்கொண்டு, காஜா பெராங்கில் வீடுவீடாக விற்பாள். ஆக, அந்தக் குடும்பம் மொத்தமும் ஐஸில் நின்றது. நிற்பதற்கு அது நல்ல இடமில்லை என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

யுத்தம் வந்ததும் துரை காரில் ஏறி, "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு சிங்கப்பூருக்குப் போனார். அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். படகுகள் வந்துகொண்டிருந்ததால் பொன்னுதுரை இஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆட்சி மாறி ஒரு வருஷத்துக்கு மேல் ஐஸ் உறைந்துகொண்டுதான் இருந்தது. பிறகு ஜப்பான் கணக்கில் 2603-ஆம் வருஷம் பிறந்தது. அதை 1943 என்று ஊரார் தவறாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம்தான் கிளேபாங் கடலோரத்தில், ஒரு சீன முதலாளி, தவுக்கே, விட்டுவிட்டு ஓடிய பங்களாவில், இயந்திர நன்னடத்தைக் கண்காணிப்புக் காரியாலயம் திறக்கப்பட்டது.

அதன் தலைவர் ஹோரிகாவா. யுத்தத்துக்கு முன்னால் தம் ஊரில், பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிக்கோல் செய்கிற கம்பெனியில், அடிக்கோல்கள் நேராக இருக்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவர். இங்கேயும் எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தவர் நடராஜன் பிள்ளை, காஜா பெராங்கிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலாக்கா செட்டி சமூகத்து ஆள். கோயிலுக்குப் போவார், விபூதி பூசுவார், ஆனால் தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் வராது. வீட்டுப் பேச்சு மலாய். ஜப்பான் பாஷையைச் சில மாத வகுப்பில் கற்றிருந்தார். ஹோரிகாவா ஜப்பான் பாஷையில் பேசுவதை அவர் மலாயில் சொல்ல, கருணாகரன் அதைத் தமிழில் புரிந்துகொள்வான். இத்தனை கை மாறியும் அறை மட்டும் நேராக ஹோரிகாவாவிடமிருந்தே வரும்.

முதல் நாள் ஹோரிகாவா இஞ்சினைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்க்கவில்லை. நேரே கோட்டுப்பெட்டியிடம் போய், தொப்பியைக் கழற்றினார். வெற்றிலைப் பொட்டலத்தை இரண்டு விரலால் எடுத்துக் கீழே போட்டார். பிறகு அலமாரியிலிருந்த பழைய தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாத் தாளிலும் சிவப்புக் கோடு பூவிதழ் போல ஏறி இறங்கி ஏறி இறங்கிச் சுற்றியிருந்தது.

"வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் கோடு குடிகாரனைப் போல நடந்திருக்கிறது" என்றார். "ஏனென்றால் அவன் இயந்திரத்தை நம்பினான். இயந்திரம் சத்தம் போடும், புகை விடும், நம்மை ஏமாற்றும். நமக்குக் கோடு போதும். கோடு நேராக இருந்தால் ஆலை நேராக இருக்கிறது. ஆலை நேராக இருந்தால் ஆசியா நேராக இருக்கிறது."

வட்டத்தாளில் கோடு நேராக இருப்பது என்றால் கோணாத வளையமாக இருப்பது என்று நடராஜன் பிள்ளை தம் பங்குக்கு விளக்கினார்.

அன்றே பெட்டிக்குள்ளிருந்த கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டது. தொட்டியில் ஐஸ் பழையபடி மலாக்கா நேரத்துக்கே உறைந்தது. ஒவ்வொரு காலையும் தொழிலாளர்கள் வரிசையாக நின்று, தோக்கியோவில் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கும் திசைக்கு ஒரு தடவையும் பெட்டி இருக்கும் திசைக்கு ஒரு தடவையும் குனிய வேண்டும் என்று உத்தரவாயிற்று. இரண்டும் வெவ்வேறு திசையில் இருந்ததால் பலர் நடுவில் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை ஹோரிகாவா தாளைக் கழற்றினார். கோடு வழக்கம் போல ஏறி இறங்கியிருந்தது.

"இங்கே என்ன நடந்தது?" என்று ஒரு மேட்டில் விரலை வைத்தார்.

"தண்ணி ஊத்துனோங்க. கூட்ல புதுத் தண்ணி எறக்குனா கொஞ்சம் சூடு ஏறும்" என்றான் கருணாகரன்.

பொன்னுதுரைக்கு ஓர் அறை விழுந்தது. அவர் மூத்தவர் என்பதால் மரியாதையாக அவரிடமிருந்து தொடங்கினார்கள்.

"இங்கே?"

"கட்டிய வெளிய எடுத்தோங்க. மூடியத் தொறந்தா சூடு உள்ள போவும்."

அறை.

"ஏன் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? ஏன் வெளியே எடுக்கிறீர்கள்?"

கருணாகரன் நடராஜன் பிள்ளையைப் பார்த்தான். கேள்வி வழியில் எங்கேயோ கோணிவிட்டது என்று நினைத்தான். நடராஜன் பிள்ளை, "பெத்துல், சரிதான், அதான் கேக்கறாரு" என்று கண்ணாலேயே சொன்னார்.

"ஐஸ் போடறதுக்குத்தாங்க" என்றான் கருணாகரன்.

ஹோரிகாவா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். அவர் முகத்தில், நெடுநாளாகத் தேடிய ஒன்றைக் கண்டுபிடித்தவரின் அமைதி வந்தது.

"அப்படியானால் இந்த இயந்திரத்தின் ஒழுங்கீனத்துக்குக் காரணம் ஐஸ்" என்றார்.

அன்றிலிருந்து ஐஸ் ஆலையில் ஐஸ் எடுப்பது தடைசெய்யப்பட்டது. ஏற்கெனவே உறைந்த கட்டிகள் தொட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். மூடியைத் திறக்கக் கூடாது. இஞ்சின் ஓடும், பம்பு ஓடும், தொட்டி குளிர்ந்தே இருக்கும், கோடு அசையாது. அடுத்த திங்கட்கிழமை தாளைக் கழற்றியபோது, கொசுவலை கட்டும் வளையம் போல ஒரு வட்டம் சுத்தமாக விழுந்திருந்தது. ஹோரிகாவா அதை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்னுதுரைக்கும் கருணாகரனுக்கும் ஆளுக்கொரு கைத்துணி பரிசாகக் கிடைத்தது.

அஞ்சலை ஆலை வாசலில் கூடையோடு நின்றாள்.

"உள்ள அவ்வளவு ஐஸ் வெச்சிருக்கீங்க, ஒரு துண்டு குடுக்க மாட்டீங்களா? மீனு கண்ணு வெள்ளையாப் போச்சு, பாரு."

"எடுத்தா கோடு ஏறிடும் அஞ்சல" என்றான் கருணாகரன்.

"எது ஏறும்?"

"கோடு."

அவள் கூடைக்குள் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "ஒனக்கு ஒடம்பு எதுவும் சரியில்லையா?" என்று கேட்டாள்.

கிளேபாங் மீனவர்கள் மனு கொடுத்தார்கள். ஐஸ் ஏராளமாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர், ஜுரக்காரர்களின் தலையில் வைக்க ஐஸ் வேண்டும் என்று ஆளனுப்பினார். ஹோரிகாவா அதைத் தீவிரமாக யோசித்து, வளையம் விழுந்த தாள்களில் மிக நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நோயாளிகளுக்குத் தெரியும்படி சுவரில் மாட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினார். அது மாட்டப்பட்டது. ஜுரக்காரர்கள் அதைப் பார்த்தபடி கிடந்தார்கள். சிலருக்கு ஜுரம் இறங்கியது. சிலர் குளிர்ந்தே போனார்கள். இரண்டையும் காரியாலயம் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டது.

மழைக்காலத்துக்கு முன்னால் டீசல் நின்றது. விமானத்துக்கு வேண்டுமாம், லாரிக்கு வேண்டுமாம். பொன்னுதுரை செம்பனை எண்ணெயை ஊற்றிப் பார்த்தார், தேங்காயெண்ணெயை ஊற்றிப் பார்த்தார். இஞ்சின் வடை சுடும் வாசனையோடு கொஞ்ச தூரம் ஓடி, ஒரு நாள் மத்தியானம் இருமிவிட்டு நின்றது. கருணாகரன் கோட்டுப்பெட்டியை ஓடிப் போய்ப் பார்த்தான். முள் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எறும்பு நகர்வது போல மேலே நகர ஆரம்பித்தது.

"மச்சான், ஏறுது" என்றான்.

பொன்னுதுரை தலையைக் கையால் பிடித்துக்கொண்டு இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஏறட்டும்பா. நான் ஊதியா தணிக்க முடியும்?"

"போன தடவ மேட்டுக்கு ஒரு அறன்னு வெச்சான். இது மேடு இல்ல மச்சான், மல. எங்க போய் நிக்குமோ!"

செமாபோக்கில் எண்ணெய் ஆலைக்காரன் ஒருவனைக் காரியாலயத்துக்கு அழைத்துப் போனார்கள், அவன் இன்னும் வீடு திரும்பவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவனுடைய கோடு ஒரே ஓர் இடத்தில்தான் கோணியிருந்தது.

அந்த நேரத்தில் அஞ்சலை மரவள்ளிக்கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் முகம் செத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டாள். கருணாகரன் கண்ணாடிக்குள் காட்டினான்.

"இந்தக் குச்சி மேல போவக் கூடாது, அவ்வளவுதான?" என்றாள் அவள். "கட்டிப் போடு."

கருணாகரன் அவளைப் பார்த்தான். பொன்னுதுரையும் பார்த்தார். அஞ்சலை முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்துக் கொடுத்தாள். கருணாகரன் கண்ணாடியைத் திறந்து, முள்ளைப் பழைய இடத்துக்கு இறக்கி, நூலால் கீழே இருந்த திருகாணியில் கட்டினான். முள் ஏறி இறங்கிய இடம் கோட்டில் ஒரு மைப்புள்ளியாக மட்டும் நின்றது. அதன் பிறகு கடிகாரம் தாளைச் சுழற்றியது, முள் இருந்த இடத்திலேயே இருந்தது. தொட்டிக்குள் கட்டிகள் ஒவ்வொன்றாக உருகித் தண்ணீராயின. வெளியே வளையம் வளர்ந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஹோரிகாவா வந்தார். வாசலிலேயே நின்று காதைத் தீட்டினார். இஞ்சின் சத்தம் இல்லை. ஹோரிகாவா உள்ளே வந்து, தாளைப் பார்த்தார். நேர்த்தியான வளையம். பிறகு முகத்தைக் கண்ணாடிக்கு மிகப் பக்கத்தில் கொண்டுபோனார். நூலைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன?"

நடராஜன் பிள்ளை அந்தக் கேள்வியை மலாயில் சொல்லக்கூட இல்லை. எல்லோருக்கும் புரிந்தது. பொன்னுதுரை கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைத் தயாராக நீட்டினார்.

ஹோரிகாவா நூலைச் சுண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். "நூல் போதாது" என்றார். "ஈரத்தில் தொய்ந்துவிடும். நாளைக்குக் கம்பி அனுப்புகிறேன்."

கம்பி வந்தது. அதோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. கோட்டுக்குக் கட்டுப்பாடு கற்பிக்கும் புதிய முறை ஒன்றை இயந்திர நன்னடத்தைக் காரியாலயம் கண்டுபிடித்திருக்கிறது. மலாக்காவில் கோட்டுப்பெட்டி உள்ள எல்லா ஆலைகளிலும், அரிசி மில், எண்ணெய் ஆலை, கித்தா என்கிற ரப்பர் ஆலை உட்பட, முள்ளைக் கம்பியால் கட்ட வேண்டும். கட்டத் தவறுகிறவர்கள் பொய்க் கணக்குக் காட்டியவர்களாகக் கருதப்படுவார்கள்.

மலாக்காவின் கோடுகள் இவ்வளவு நேராக இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, ஷோனானிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்க்க வந்தார். சிங்கப்பூருக்கு அப்போது ஷோனான் என்று பெயர். மதியம் உச்சி வெயில். அதிகாரி பருத்த மனிதர், கழுத்துப்பட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஆலை முழுவதும் காட்டப்பட்டது, அதாவது கோட்டுப்பெட்டி காட்டப்பட்டது. அவர் மிகவும் திருப்தியடைந்து, தாகமாக இருக்கிறது, ஐஸ் போட்டுத் தண்ணீர் வேண்டும் என்றார்.

ஹோரிகாவா கலங்காமல், "தொட்டியிலிருந்து கொண்டு வா" என்றார்.

கருணாகரன் மூடியைத் திறந்து, கட்டி உருகிய ஒரு கூட்டிலிருந்து கோப்பைகளில் மொண்டான். குளிக்கிற வெந்நீருக்குக் கொஞ்சம் குறைவான சூடு. தகர வாசனை வேறு. தட்டில் வைத்து நீட்டினான். அதிகாரி ஒரு வாய் குடித்தார். அவர் முகம் சுருங்கத் தொடங்கியது. அப்போது ஹோரிகாவா ஒன்றும் பேசாமல் கண்ணாடிக்குள்ளிருந்த வளையத்தைக் கையால் காட்டினார். அதிகாரி வளையத்தைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். மறுபடி வளையத்தைப் பார்த்தார். பிறகு தோளைக் குறுக்கிக்கொண்டு, "அப்பா, பல் கூசுகிறது" என்றார்.

கூட வந்த எல்லோரும் குடித்தார்கள், எல்லோருக்கும் பல் கூசியது. ஒரு லெப்டினென்ட் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டான். நடராஜன் பிள்ளைக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. அவர் நெற்றியில் வியர்வை வழிய, "செஜுக், செஜுக்" என்று மலாயில் குளிரைச் சொல்லி நடுங்கினார். ஹோரிகாவாவின் கண் கருணாகரன்மேல் நின்றது. கருணாகரனும் நடுங்கினான். அதற்கு அவன் பெரிதாகப் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி கிளம்புமுன் பேசினார். "இயந்திரம் நின்ற பிறகும் குளிர் குறையவில்லை என்று கேள்விப்பட்டேன். இப்போது என் வாயாலேயே சோதித்துவிட்டேன். எதிரியிடம் இயந்திரம் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, ஐஸும் இருக்கிறது. நம்மிடம் இவை எதுவும் இல்லை. ஆனால் நம்மிடம் இருக்கும் கோடு அவனிடம் இல்லை. இனி நமக்கு இங்கே இயந்திரம் எதற்கு?"

அதைப் பேச்சுக்குச் சொன்னார் என்று கருணாகரன் நினைத்தான். அடுத்த வாரமே லாரிகள் வந்து இஞ்சினையும் அமோனியா பம்பையும் பெயர்த்து ஏற்றிக்கொண்டு, பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடலுக்குப் போயின. பொன்னுதுரை லாரியின் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பி வந்து, இஞ்சின் நின்ற இடத்தில் எண்ணெய்க்கறை மட்டும் இருந்த சிமெண்டுத் தரையின்மேல், வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நின்றார்.

திங்கட்கிழமை தாள் கழற்றப்பட்டது. இஞ்சினைப் பெயர்த்த நாளிலும் கோடு அசையவில்லை. ஹோரிகாவா தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தினார்.

"இதோ பாருங்கள்" என்று தாளைத் தூக்கிக் காட்டினார். "இயந்திரத்தை எடுத்தோம், கோடு மாறவில்லை. ஆகவே இயந்திரம் இவ்வளவு காலமும் எதுவும் செய்யவில்லை. இயந்திரம் எதுவும் செய்யவில்லை என்றால், அதைப் பார்த்துக்கொண்ட நீங்கள் என்ன செய்தீர்கள்? நான் கோபப்படவில்லை. உங்களுக்கு நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறேன். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள். அங்கே மனிதர்களுக்கு வேலை இருக்கிறது."

கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஓர் ஆள் போதும் என்று கருணாகரனை மட்டும் வரிசையிலிருந்து வெளியே இழுத்தார்கள். மற்றவர்களை அந்த நிமிஷமே லாரியில் ஏற்றினார்கள். மலாக்காவிலிருந்து தம்பின் ஊருக்குப் போன ரயில் பாதையை முன்னமே பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தண்டவாளம் போன இடத்துக்கே ஆட்களும் போக வேண்டியிருந்ததால் தம்பின் வரைக்கும் லாரி. பொன்னுதுரை லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சலைக்குச் சொல்லிடுப்பா. சட்டைகூட எடுத்துக்கல" என்றார்.

அஞ்சலை அன்றைக்கு அழவில்லை. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"போய்ச் சொல்லு" என்றாள் கருணாகரனிடம். "அது பொய்க் கோடு, நாங்கதான் கட்டுனோம்னு சொல்லு. மிசினு வேணும், அண்ணன் இல்லாம மிசினு ஓடாதுன்னு சொல்லு. திருப்பி அனுப்பிடுவாங்க."

"அவனுக்கே தெரியும் அஞ்சல. கம்பி குடுத்ததே அவன்தான்."

"தெரிஞ்சது வேற. நீ வாய் தொறந்து சொல்றது வேற."

கருணாகரன் மறுநாள் கிளேபாங்குக்கு நடந்தான். காரியாலயத்துச் சுவர் முழுக்க வட்டத்தாள்கள். எல்லா ஆலைகளின் வளையங்களும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, ஒரே அளவாக, ஒரே சிவப்பாக இருந்தன. ஹோரிகாவா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நடராஜன் பிள்ளை கருணாகரனைப் பார்த்ததும் எழுந்து வந்து, மெதுவாக, "பூலாங்லா கருணா. வீட்டுக்குப் போ" என்றார்.

"சொல்லிட்டுப் போறேன் பிள்ளே. நீங்க அப்படியே சொல்லுங்க."

அவன் சொன்னான். இஞ்சின் இல்லை, ஐஸ் இல்லை, தொட்டியில் இருப்பது கொசு முட்டையிடுகிற தண்ணீர், கோட்டைக் கட்டியது தான்தான், கோடு பொய். எல்லாவற்றையும் நடராஜன் பிள்ளை ஒரு வார்த்தையும் விடாமல் ஜப்பான் பாஷையில் சொன்னார்.

ஹோரிகாவா பொறுமையாகக் கேட்டார்.

"இயந்திரம் இல்லை என்கிறாய். எனக்குத் தெரியும், ஏற்றி அனுப்பியதே நான். ஐஸ் இல்லை என்கிறாய். அதுவும் எனக்குத் தெரியும், நானும்தானே குடித்தேன். ஆனால் கோடு பொய் என்கிறாயே, அதுதான் எனக்குப் புரியவில்லை. தாள் இருக்கிறதா? இருக்கிறது. தாள்மேல் மை இருக்கிறதா? இருக்கிறது. கோணாமல் இருக்கிறதா? இருக்கிறது. இதில் பொய் எங்கே இருக்கிறது, காட்டு."

கருணாகரன் சுவரைப் பார்த்தான். எந்த வளையம் தன்னுடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. "எங்க மச்சானத் திருப்பி அனுப்பிடுங்க தொரே" என்றான். கண்ணீர் வந்தது. பிறகு கையும் காலும் நடுங்கின.

ஹோரிகாவா ஒரு கண்ணை மூடி அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அறையவில்லை. நடராஜன் பிள்ளையிடம் திரும்பி, ஒரு பழுதைக் கண்டுபிடித்தவரைப் போல அமைதியாகச் சொன்னார்:

"அந்த ஆலையில் இப்போது ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் பொருள் இது ஒன்றுதான். இதையும் எடுத்துவிடுங்கள்."

அஞ்சலைக்குச் செய்தி தெரிந்து பெரிய சாலைக்கு ஓடி வருவதற்குள் லாரி புறப்பட்டிருந்தது. கருணாகரன் பின்பக்கம் நின்றிருந்தான். அவன் அவளைப் பார்த்துக் கத்தினான். இஞ்சின் சத்தத்தில் அவளுக்குப் பாதிதான் கேட்டது.

"சாவி பிள்ளேகிட்ட இருக்கு! திங்கக்கெழம சுத்தச் சொல்லு! நின்னுட்டா ஒன்னத்தான் பிடிப்பாங்க!"

நடராஜன் பிள்ளை திங்கட்கிழமைதோறும் வந்து சாவி கொடுத்தார். தாளை மாற்றினார். யுத்தம் முடிகிற வரைக்கும் அந்த ஆலையில் ஒரு பழுதும் ஏற்படவில்லை.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். வருஷம் மறுபடியும் 1945 ஆயிற்று. சயாமிலிருந்து பிழைத்தவர்கள் தம்பின் ஸ்டேஷனில் வந்து இறங்கத் தொடங்கினார்கள். அஞ்சலை பல தடவை அங்கே போனாள். இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே ஆளைப் போல இருந்தார்கள், ஒருவரின் முகத்துக்கும் இன்னொருவரின் முகத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் ஒவ்வொருவரையும் கிட்டே போய்ப் பார்த்தாள். அண்ணனும் இல்லை, புருஷனும் இல்லை. காணாமல் போன ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி விசாரிக்கப் புதுக் காரியாலயம் ஒன்று திறந்திருக்கிறார்கள், பெயர் கொடுத்தால் சயாமுக்கு எழுதித் தேடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அது கிளேபாங் கடலோரத்தில், அதே பங்களாவில் இருந்தது.

உள்ளே ஒரு காப்டன் உட்கார்ந்திருந்தார். சிவந்த, களைத்த, நல்ல மனிதர். பக்கத்தில் நடராஜன் பிள்ளை. இப்போது இங்கிலீஷிலிருந்து மலாய்க்கு. அஞ்சலையைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காப்டன் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அப்படி அவளிடம் இதுவரை எந்தக் காரியாலயமும் சொன்னதில்லை. அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். அண்ணன் பெயர், புருஷன் பெயர், ஆலை, கொண்டுபோன மாதம் எல்லாம் சொன்னாள்.

"மன்னிக்க வேண்டும் அம்மா" என்றார் காப்டன். "தினமும் எத்தனையோ பேர் வருகிறார்கள். தானாக ஓடிப்போனவர்களும் இருக்கிறார்கள், ஜப்பான்காரனோடு சேர்ந்து போனவர்களும் இருக்கிறார்கள். வெறும் வாய்ச்சொல்லை வைத்து நாங்கள் எழுத முடியாது. அதிர்ஷ்டவசமாக, ஜப்பான்காரன் எல்லாத் தஸ்தாவேஜையும் எரித்துவிட்டாலும் ஆலைகளின் பதிவுத்தாள்களை மட்டும் விட்டுப் போயிருக்கிறான். இவ்வளவு ஒழுங்கான பதிவுகளை நான் எங்கள் ஊரில்கூடப் பார்த்ததில்லை."

அவர் அலமாரியிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து, அவள் சொன்ன மாதத்தைத் தேடி, வட்டத்தாள் ஒன்றை மேசைமேல் விரித்தார். முழு வளையம். அடுத்த வாரத்துத் தாளையும் விரித்தார். அதுவும் வளையம். உண்மையான அக்கறையோடு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இஞ்சின் ஓட்டுகிறவரையும் தொட்டியைப் பார்க்கிறவரையும் ஒருசேரக் கொண்டுபோயிருந்தால் ஆலை நின்றிருக்கும். நின்றிருந்தால் இங்கே தெரிந்திருக்கும். ஒரு மயிரிழைகூட அசையவில்லையே அம்மா."

அஞ்சலை நடராஜன் பிள்ளையைப் பார்த்தாள். "என்னா சொல்றாரு?"

ஹோரிகாவாவின் பேச்சுகளை எல்லாம் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்த மனிதர் இப்போது மேசையிலிருந்த தாளின் ஓரத்தை நேராக்கினார். "கம்பியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று அவள் கண் கேட்டது. அவர் அதைக் காப்டனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார், முதல் வாரமே. இப்படிச் சொல்கிறவர் அந்தக் கம்பி கட்டப்பட்ட காலத்தில் எந்தப் பக்கம் வேலை பார்த்தார் என்று காப்டன் மரியாதையாகத் திருப்பிக் கேட்டிருந்தார். அதற்கப்புறம் அவர் மொழிபெயர்ப்பைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

"ஒண்ணும்..." என்றார், தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில். "ஒண்ணும் நடக்கலேன்னு சொல்றாரு."

அஞ்சலை தாளைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். வளையத்தின்மேல் விரலை வைத்து, மெதுவாக ஒரு சுற்று சுற்றி வந்தாள். எங்கேயும் தட்டவில்லை. காப்டன் அவள் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தாள்களைச் சேர்த்துக் கட்டி, வருத்தத்தோடு தலையசைத்தார்.

வாசலில் வரிசை நீண்டிருந்தது. அடுத்ததாக உள்ளே வந்தது செமாபோக்கிலிருந்து வந்த ஒருத்தி, நடை பழகிய குழந்தையோடு. காப்டன் அவளையும் உட்காரச் சொல்லிவிட்டு, அவள் புருஷன் வேலை பார்த்த எண்ணெய் ஆலையின் கட்டை எடுத்துப் பிரித்தார். அதுவும் மிக ஒழுங்காக இருந்தது.